இரண்டு 811ஏ கையில் இருக்கு: லீனியர் கட்டலாமா, வேண்டாமா?

டிக்கோயாத் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஹாம் ரேடியோவில் நான் பேசுற ரிக் (ரேடியோப் பெட்டி) ஐகாம் 7300, 100 வாட். ராத்திரி 40 மீட்டர் அலைவரிசையில் சென்னை, திருச்சிப் பக்கத்து ஆட்களோடு பேசுறது வழக்கம். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிச் சத்தத்தில் நான் பேசுறதில் பாதி அவங்களுக்குப் போய்ச் சேர்றதில்லை. கொழும்பில் ஒரு பெரியவர் தன் ரேடியோ அறையைக் காலி பண்ணும்போது இரண்டு 811ஏ வால்வும் சாக்கெட்டும், தூக்க முடியாத ஒரு டிரான்ஸ்போமரும் கொடுத்தார். டிரான்ஸ்போமரில் 1100 வோல்ட் என்று பெயின்டில் எழுதியிருக்கு. இதை வச்சு ஒரு லீனியர் (ரிக்கின் வாட்டைப் பெருக்கித் தரும் ஆம்பிளிஃபயர்), கிரிட்டை எர்த்தில் போடுற கிரவுண்டட் கிரிட் முறையில் கட்டி 300 வாட் எடுக்கலாம் என்று ஆசை. பிளேட் (வால்வின் அவுட்புட் முனை) டியூனிங்குக்குப் பழைய வால்வு ரேடியோ கேங் கண்டென்சர் இருக்கு. ஒரே கவலை, எங்க லைனில் ஆறு மணிக்கு மேல கரண்ட் 200க்கு இறங்கிடும். கட்டலாமா?

கண்டி எல்டிமாஸ்:
வேண்டாம்.
100லிருந்து 300 வாட் போறது 4.8 டெசிபல். எஸ் மீட்டரில் (வர்ற சிக்னலின் பலம் காட்டுற மீட்டர்) ஓர் அலகுக்கு 6 டெசிபல். ஆக ஓர் அலகுகூட ஏறாது. அதுக்காக வீட்டுக்குள்ள 1500 வோல்ட் டிசி வைக்கணுமா? இரண்டு வால்வின் ஃபிலமென்டுக்கு மட்டும் 6.3 வோல்டில் 8 ஆம்பியர். நீங்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் 50 வாட் வீணாகிட்டே இருக்கும்.
கொஞ்சம் காசு சேர்த்து எல்டிமாஸ் (பெரிய பவர் டிரான்சிஸ்டர் வகை) போர்டு ஒன்று வாங்குங்க. பிஎல்எஃப்188எக்ஸ்ஆர் என்கிற ஒரே டிரான்சிஸ்டர் 50 வோல்டில் 1400 வாட்டுக்குச் செய்தது. 300 வாட்டில் அதுக்கு வியர்க்கக்கூட வியர்க்காது. நல்ல எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை போட்டால் மெயின்ஸ் 200க்கு இறங்கினாலும் 50 வோல்ட் அசையாது. உங்க ஆறு மணிப் பிரச்சினை அங்கேயே முடிஞ்சுது.

பண்டாரவளை வால்வு வாத்தியார்:
கண்டித் தம்பி சொன்ன 4.8 கணக்கு சரி. ஆனா எங்கே போட்ட கணக்கு அது? எஸ்9ல் கேட்கிறவனுக்கு ஐந்து டெசிபல் ஒரு பொருட்டே இல்லை. சத்தத்தோடு சத்தமா இழுபட்டுக்கிட்டு இருக்கிறவனுக்கு அந்த ஐந்துதான் "திரும்பச் சொல்லுங்க"வுக்கும் "ரோஜர்"க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம். தம்பி கேட்டதும் அதைத்தான்.
எல்டிமாஸ் 2, 3 வாட் கொடுத்தாலே முழுசா எழும்பிடும். 7300 கொடுக்கிறது 100. நடுவில் பவரைக் குறைக்கிற அட்டெனுவேட்டர் வேணும். ஒவ்வொரு பேண்டுக்கும் லோ பாஸ் ஃபில்டர் வேணும். எஸ்டபிள்யூஆர் ஏறினால், அதாவது பவர் அன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வந்தால், கண் இமைக்கிறதுக்குள்ள வெட்டிவிடும் பாதுகாப்பு சர்க்கிட் வேணும். 1400 வாட்டுக்கு வெட்டின அவுட்புட்டில் 300 எடுத்தால் எஃபிஷியன்சியும் படுத்துடும். இதெல்லாம் சேர்த்தா "ஒரே டிரான்சிஸ்டர்"? வால்வுக்கு ஒரு பை நெட்வொர்க் (பிளேட் பக்கம் ஒரு கண்டென்சர், நடுவில் காயில், அன்டெனாப் பக்கம் லோட் கண்டென்சர்) போதும். பிளேட் கரண்ட் இறங்குற டிப் பார்த்து டியூன் பண்ணு, லோட் பண்ணு, பேசு. டியூனிங் தப்பினால் பிளேட் சிவக்கும், கண்ணால பார்த்துக் கையை எடுக்கலாம். டிரான்சிஸ்டர் சிவந்து காட்டாது, ஒரேயடியா போயிடும்.

கண்டி எல்டிமாஸ்:
ஐயா, சிவக்கிறதைப் பார்த்துக் கையை எடுக்கிறது 1970இல் சரி. கரண்ட் வெட்டுக்கு என்ன சொல்றீங்க? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினாங்க, யாரும் மறந்திருக்க மாட்டோம். 12 வோல்ட் பேட்டரி நாலைத் தொடராகக் கோர்த்தால் 48 வோல்ட், எல்டிமாஸ் அப்படியே ஓடும். மண்சரிவு வந்தால் மலையில் முதலில் போறது கரண்ட். அந்த நேரத்தில் உங்க 811ஏ அலமாரி அலங்காரம்.

பண்டாரவளை வால்வு வாத்தியார்:
2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிஞ்சது எங்களுக்கு எட்டின தூரம்தான், அந்தப் பக்கத்து ஆளுக்கு அதைச் சொல்லிக் காட்ட வேணாம். அவசரத்துக்கு வேண்டியது 300 வாட்டும் இல்ல, 1400 வாட்டும் இல்ல. பதுளையிலிருந்து கொழும்புக்குப் பகலில் 40 மீட்டரில் பேச, தாழக் கட்டின டைபோல் கம்பி அன்டெனாவும் 50 வாட்டும் கார் பேட்டரியும் தாராளம். லீனியர் ஆசைக்குக் கட்டுறது. அதுக்கு அவசர சேவைச் சட்டை மாட்டாதீங்க, வால்வுக்கும் சரி, உங்க டிரான்சிஸ்டருக்கும் சரி.

அப்புத்தளை அன்டெனா:
இரண்டு பேரும் தேவையில்லாமல் சண்டை போடுறீங்க. தம்பி, டைபோல் எவ்வளவு உயரத்தில் இருக்கு? அதை 20 மீட்டருக்கு ஏத்துங்க. லீனியரே தேவைப்படாது.

டிக்கோயாத் தம்பி:
சவுக்கு மரத்தில் ஒரு முனை, கூரைக் கம்பத்தில் மறு முனை. 9 மீட்டர் இருக்கும் அண்ணே.

கண்டி எல்டிமாஸ்:
இந்த ஓர் இடத்தில் வாத்தியாருக்கு வேலை வைக்காமல் நானே சொல்லிடுறேன். டிக்கோயாவிலிருந்து சென்னை நேர்கோட்டில் 700 கிலோமீட்டருக்குள்ள. 300 கிலோமீட்டர் உயரத்து எஃப் அடுக்கில் (அலையைத் திருப்பி அனுப்புற அயனி அடுக்கு) பட்டு இறங்கணும்னா அலை கிட்டத்தட்ட 40 பாகை மேல்நோக்கிப் போகணும். 40 மீட்டர் பேண்டில் 9, 10 மீட்டர் உயர டைபோல் அந்தக் கோணத்தில் நல்லாவே வீசும். 20 மீட்டருக்கு ஏத்தினால் ஐரோப்பாவுக்கு நல்லது, திருச்சிக்குப் பெரிசா லாபம் இல்லை. அன்டெனா முதலில் என்கிறது பொதுவில் சரியான பேச்சு. இந்தத் தம்பிக்குப் பொருந்தலை.

அப்புத்தளை அன்டெனா:
சரி, கோணத்தில் விட்டுக்கொடுக்கிறேன். கோக்ஸ் கேபிள் எத்தனை வருசத்துப் பழசு, கனெக்டருக்குள்ள தண்ணி போயிருக்கா என்று பார்க்கச் சொல்றதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த மூடுபனிக்கு டேப் சுத்தாத கனெக்டர் ஒரு மழைக்காலம் தாங்காது.

யாழ் கடற்கரை:
நடுவில புகுந்து கதைக்கிறதுக்கு மன்னிக்கவும். தம்பி, உங்களுக்கு அவையளைக் கேக்குதோ? உங்கட சத்தம் எத்தனை எஸ்? ரிக்கை பற்றரியில போட்டு, வீட்டு மெயின் சுவிட்சை நிப்பாட்டிப் பாருங்கோ. எல்ஈடி பல்ப்பும் போன் சார்ஜரும்தான் அரைவாசிப் பிரச்சினை. வாய் பெரிசாகி காது சின்னனா இருந்தால், அவையள் கூப்பிடுவினம், நீங்கள் கேளாமல் சிக்யூ (ஆராவது இருக்கினமோ எண்டு பொதுவாக் கூப்பிடுறது) அடிச்சுக்கொண்டே இருப்பியள்.

டிக்கோயாத் தம்பி:
பார்த்தேன் அண்ணே. மெயினை நிப்பாட்டினாலும் எஸ்6 இருக்கு. பக்கத்து ஸ்டோரில் (தேயிலை ஃபேக்டரி) கொழுந்து வாட்டுற ஃபேன்களுக்கு வேகம் மாத்துற டிரைவ் போட்டிருக்காங்க, அது ஓடுற நேரம்தான் இந்தக் கரகரப்பு. ஃபேன் நின்னா எஸ்3. இடிக்காலம் தவிர எனக்கு அவங்க நல்லாக் கேட்கிறாங்க. நான் போறதுதான் குறை.

பதுளைப் பையன்:
அண்ணே, அந்தப் பழைய டிரான்ஸ்போமரைத் தூக்கிப் போடுங்க. மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்போமர் பழைய இரும்புக் கடையில் கிடைக்குது. 2000 வோல்ட், ரெண்டு போட்டா சும்மா பறக்கும்.

பண்டாரவளை வால்வு வாத்தியார்:
பறக்கும், உண்மைதான். எது பறக்கும்னு சொல்றேன். அவன் டிரான்ஸ்போமரில் செகண்டரியின் ஒரு முனை இரும்போடேயே பிடிச்சிருக்கும், பிரிட்ஜ் ரெக்டிஃபயர் அப்படியே போட முடியாது. இரண்டை எதிரெதிர்ப் பேஸில் கோர்த்து ஃபுல் வேவ் எடுத்தாலும் 2800 வோல்ட் வரும். 811ஏயின் உச்ச அளவு 1500. கோர் சாச்சுரேஷன் விளிம்பில் ஓடுறதுக்கென்றே செய்தது, சும்மா நின்னாலும் உறுமும், சுடும். அதுக்கும் மேல, வீட்டில் இருக்கிற மின்சாதனங்களிலேயே ஆளைச் சட்டுனு கொல்லக்கூடியது அந்த டிரான்ஸ்போமர்தான். விளையாட்டுக்குக்கூட இந்த யோசனையைச் சொல்லாதீங்க.
இனி டிக்கோயாத் தம்பிக்கு. அந்தக் கேங் கண்டென்சரைப் பிளேட் பக்கம் போடாதீங்க. 1500 வோல்டில் பிளேட் முனையில் ஆர்எஃப் உச்சமும் ஏறக்குறைய அவ்வளவுக்கு ஆடும். ரேடியோ கேங்கில் தகட்டுக்கும் தகட்டுக்கும் இடைவெளி கால் மில்லிமீட்டர், மிஞ்சினால் கொஞ்சம் கூட. கடல்மட்டத்தில் உலர்ந்த காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3000 வோல்ட் தாங்கும் என்பாங்க. அது வழவழப்பான தகட்டுக்கு. தூசி படிஞ்ச, விளிம்பு கூரான தகட்டுக்குப் பாதிகூட நம்ப முடியாது. அட்டன், டிக்கோயா 1270 மீட்டர் உயரம், காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிசு. நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு. காற்று மெலிஞ்சா பொறி சீக்கிரம் பாயும். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியுள்ள, 150 பிகோஃபராட் போல ஒரு டிரான்ஸ்மிட்டர் கண்டென்சர் தேடுங்க. 40 மீட்டரில் உங்களுக்கு வேண்டியது நூற்றுச் சொச்சம்தான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கலைன்னா அலுமினியத் தகடு வெட்டி நீங்களே செய்யலாம். கேங்கை வீசவும் வேண்டாம், லோட் பக்கம் போடுங்க. அங்கே 50 ஓமில் 300 வாட்டுக்கு உச்சம் 175 வோல்ட்தான், சுகமா இருக்கும்.
ஃபிலமென்டுக்குத் தனி டிரான்ஸ்போமர். அதுதான் உங்க 200 வோல்டுக்கு மருந்து. 230க்குச் சுத்தின 6.3, மெயின்ஸ் 200 ஆனால் 5.5க்கு விழும். தோரியம் ஃபிலமென்ட் பட்டினி கிடந்தால் எமிஷன் போகும், குரல் தட்டையாகி ஸ்பிளாட்டர் (பக்கத்து அலைவரிசையில் சிதறல்) அடிக்கும். பிரைமரியில் 200, 215, 230 என்று டேப் எடுத்து ஒரு ரோட்டரி சுவிட்ச் போடுங்க. அளக்கிறதை டிரான்ஸ்போமர் முனையில் அளக்காதீங்க, சாக்கெட் காலில் அளங்க. ஃபெரைட் கம்பியில் சுத்தின ஃபிலமென்ட் சோக் 8 ஆம்பியரில் கொஞ்சத்தைத் தின்னுடும்.

கண்டி எல்டிமாஸ்:
டேப், ரோட்டரி சுவிட்ச், கையால வெட்டின கண்டென்சர். இதைத்தான் "ஒரு பை நெட்வொர்க் போதும்" என்றீங்களா ஐயா? சரி, போகட்டும். சத்தம் சுத்தமா இருக்கும்னு சொல்லி வால்வை யாரும் விற்க வராதீங்க. 7300 தன் 13.8 வோல்ட் ஃபைனலில் (கடைசி ஸ்டேஜில்) செய்ற அழுக்கு 30 டெசிபல் கீழே இருந்தால், எந்த லீனியரும் அதைக் கழுவித் தராது.
என் கவலை வேற. தம்பி, வீடு எப்படி? தோட்டத்து வரிசை வீடான லயமா, தனி வீடா? சின்னப் பிள்ளைகள்?

டிக்கோயாத் தம்பி:
லயம்தான். எங்களுக்கு இரண்டு காம்பரா (அறை). அக்கா பிள்ளைகள் இருக்காங்க. ஐந்து வயசில் ஒருத்தன், எதையும் விட மாட்டான்.

கண்டி எல்டிமாஸ்:
இதை முதலிலேயே கேட்டிருக்கணும். 450 வோல்ட், 220 மைக்ரோஃபராட் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் நாலைத் தொடராகப் போடுவீங்க, 55 மைக்ரோஃபராட். 1500 வோல்டில் அதில் 60 ஜூலுக்கு மேல் நிக்கும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 100 கிலோ ஓம் பிளீடர் (மிஞ்சின சார்ஜை வடிக்கிற ரெசிஸ்டர்) என்றால், சுவிட்சை அணைச்சு இரண்டு நிமிஷம் வரைக்கும் உள்ளே விரல் போகக் கூடாது. ஒரு பிளீடர் ஓபன் ஆனால் இரண்டு நிமிஷம் என்கிற கணக்கே கிடையாது. ஐந்து வயசுப் பிள்ளைக்கு எந்தக் கணக்கும் தெரியாது. வாத்தியார் ஐயா, இங்கேயும் "கட்டு" என்பீங்களா?

பண்டாரவளை வால்வு வாத்தியார்:
என்பேன், பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள்ள. மூடியைத் தூக்கினால் பிரைமரியை வெட்டுற மைக்ரோ சுவிட்ச் ஒன்று, எச்டியை (1500 வோல்ட் லைனை) எர்த்தில் அடிக்கிற பித்தளைத் தகடு ஒன்று, இரண்டும் வேணும். பிளீடருக்கு எப்போதும் 3 வாட் மெட்டல் ஆக்சைட். பின்பக்கம் திறந்த சேசிஸில் பரிசோதனை என்கிற பேச்சே காம்பராவில் வேண்டாம். அந்த வேலையை என் பட்டறைக்குக் கொண்டு வந்து செய்யட்டும்.
அந்த டிரான்ஸ்போமரையும் நேரா பிளக்கில் மாட்டாதீங்க. கொழும்பில் எத்தனை வருசம் மூலையில் கிடந்ததோ, வைண்டிங்குக்குள்ள ஈரம் ஊறியிருக்கும். ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள 60 வாட் குண்டு பல்பைப் போட்டு இரண்டு மூணு நாள் சூட்டில் வைங்க. (ஸ்டோர் ட்ரையரில் வைக்கக் கேட்காதீங்க, டீமேக்கர் துரத்துவார்.) அப்புறம் 100 வாட் பல்பைத் தொடராப் போட்டு மெயின்ஸ் கொடுங்க, செகண்டரி முனைகள் எதையும் தொடாமல் தள்ளி வச்சு. பல்பு ஒரு தடவை மின்னி மங்கினால் நல்லது. முழுசா எரிஞ்சுக்கிட்டே நின்னா உள்ளே ஷார்ட், பழைய இரும்புக்கு அனுப்புங்க.
கட்டி முடிச்சாலும் பிரைமரியில் 25 ஓம் ஸ்டார்ட் ரெசிஸ்டரும் அதை ஒரு செகண்டில் தாண்டுற ரிலேயும் இல்லாமல் போடாதீங்க. இல்லாட்டி கண்டென்சர் நிரம்புற நேரம் லயம் முழுக்க லைட் மங்கும், எல்லாரும் உங்க வாசலில் நிப்பாங்க. எச்டி கம்பியில் 25 ஓம் வயர்வுண்ட் ஒன்று. வால்வுக்குள்ள பொறி பாய்ஞ்சால் அடியை அது வாங்கிக்கும்.

யாழ் கடற்கரை:
ஒண்டு விட்டுட்டியள். உரிமத் தாளில உங்கட வகுப்புக்கு எத்தனை வோட் எண்டு எழுதியிருக்கெண்டு முதலில பாருங்கோ. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு 811ஏயும் எல்டிமாஸும் ஒண்டுதான்.

டிக்கோயாத் தம்பி:
பார்த்துட்டேன் அண்ணே, 300 என் வகுப்புக்குள்ள வருது. வாத்தியார் ஐயா, டிரான்ஸ்போமரை இன்னைக்கே பெட்டிக்குள்ள வைக்கிறேன். நல்லாயிருந்தால் தைப்பொங்கலுக்குப் பிறகு பண்டாரவளைக்கு ரயிலில் தூக்கிட்டு வர்றேன். அன்டெனா அண்ணே, கனெக்டரைக் கழற்றினேன், உள்ளே பச்சை பூத்திருக்கு. புதுசு போடுறேன்.

அப்புத்தளை அன்டெனா:
பார்த்தீங்களா? அதில் எத்தனை டெசிபல் போயிருக்கும் என்று இனி யாராவது கணக்குப் போடுங்க.

கண்டி எல்டிமாஸ்:
நான் இன்னும் ஒத்துக்கலை. லயக் காம்பராவில் 1500 வோல்டை விட 50 வோல்ட் நல்லது என்பதில் எனக்கு மாற்றமே இல்லை. ஆனா கட்டுறதுன்னு முடிவாயிட்டால், அந்தப் பித்தளைத் தகடு எச்டியை அடிக்கிற இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து இங்கே போடுங்க. பெட்டி வீட்டுக்குப் போறதுக்கு முன்னால போடுங்க. அதில் குறை இருந்தால் வாத்தியாரை நான் பார்த்துக்கிறேன்.