மறு: பார்க்கிங் பிரேக் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம்.

> ‘தரிப்புத் தடை’ போதாதா? இலங்கையில் தரிப்பிடம் என்றுதானே சொல்கிறோம்.

‘தரிப்பு’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் பின்னால் ‘தடை’ வந்ததும் பொருள் மாறிவிடுகிறது. தெருவில் அப்படி ஒரு பலகை இருந்தால், இங்கே வண்டியை நிறுத்தக் கூடாது என்றுதான் படிப்போம். ‘நிறுத்தத் தடை’க்கும் இதே சிக்கல்.

நான் மொழிபெயர்ப்பது, சிறு விமானத்தைத் தாங்களே கட்டுகிறவர்களுக்கான கையேடு. நின்ற விமானம் நகராமலிருக்க அதில் வரும் எளிய ஏற்பாடுகளில் ஒன்று, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கும் இரண்டு மரத்துண்டுகள், நடுவில் ஒரு கயிறு. இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். லாரிக்காரர்கள் ‘கட்டை வை’ என்கிறார்கள், தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள். கட்டை என்றே எழுதிவிடலாம். சைக்கிளில் உள்ளதுபோல் கையால் அழுத்தும் பிரேக் இருந்தால், அழுத்திய நிலையில் வெல்க்ரோ பட்டையைச் சுற்றிவிடுகிறார்கள். இதைப் ‘பிடிப்பட்டை’ எனலாம்.

சிக்கலானது வால்வு. பெடலை மிதித்து எண்ணெயில் அழுத்தம் ஏற்றி, குழாயின் நடுவே உள்ள வால்வை மூடிவிடுவார்கள். காலை எடுத்தாலும் அழுத்தம் உள்ளேயே நிற்கும். ஆனால் இரவில் குளிர்ந்தால் எண்ணெய் சுருங்கி அழுத்தம் குறையும், எங்காவது கசிந்தாலும் பிடி தளரும். அதனால் ‘பூட்டு’ என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். பூட்டிவிட்டோம் என்று நம்பிக் கட்டை வைக்காமல் போய்விடுவார்கள்.

‘நிறுத்தி’யும் சரிவரவில்லை. இது ஓடுவதை நிறுத்துவதற்கு இல்லை, நின்றதை நகராமல் வைத்திருப்பதற்கு. ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று நாம் பேசுவதில் ‘பிடி’ ஏற்கெனவே இருக்கிறது. தேர் வந்து நிற்கும் இடம் ‘நிலை’. இரண்டையும் சேர்த்து நிலைப்பிடி என்று வைக்கலாமா?

---

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஒரே ஐயம், கைப்பிடிபோல இதையும் பிடித்து இழுக்கும் பாகம் என்று நினைத்துவிட மாட்டார்களா? செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் உண்மையாகவே இழுக்கும் பிடி ஒன்று இருக்கிறதே.

இன்னொன்று. பைப்பர் ஜே-3 கப் போன்ற பழைய விமானங்களில் ஸ்டார்ட்டர் கிடையாது, புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். விமானம் நகர்ந்தால் முன்னால் நிற்கிறவர் கதி என்ன? அந்த இடத்தில் கட்டையும் வேண்டும், வாலைக் கயிற்றால் கட்டவும் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

---

நல்ல கேள்வி. இழுக்கும் பாகத்தை ‘நிலைப்பிடி நெம்பு’ என்று பிரித்துவிடுகிறேன், வால்வு ‘நிலைப்பிடி வால்வு’. வினைக்கு ‘நிலைப்பிடி போடு, நிலைப்பிடி எடு’. வாலைக் கட்டுவதையும் சேர்த்துவிடுகிறேன்.

‘எடு’ என்பது மிக முக்கியம். சில வால்வுகள் ஒரு பக்கமாக மட்டுமே எண்ணெயை விடும். அது மூடியிருப்பது தெரியாமல் வானத்தில் பெடலை மிதித்தால் அழுத்தம் மாட்டிக்கொள்ளும், சக்கரம் இறுகிய நிலையிலேயே தரையைத் தொடும். டயர் வெடிக்கலாம், விமானம் மூக்குக் குத்தலாம். ஆகவே தரையிறங்குமுன் பார்க்க வேண்டியவற்றில் முதல் வரியை இப்படி வைத்திருக்கிறேன்:

“நிலைப்பிடி எடுத்தாயிற்றா?”