திறமூல வானிலை மாதிரிக் குழுவில் சேர எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நிரல்நெசவாளர்

அனைவருக்கும் வணக்கம். படங்களை இனங்காணும் இயந்திரக் கற்றல் பணியில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். பைத்தான் மொழியும் அதன் இயந்திரக் கற்றல் நூலகமான பைடார்ச்சும் அன்றாடம் புழங்குபவை. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையம் ஏ.ஐ.எஃப்.எஸ். என்னும் தனது இயந்திரக் கற்றல் மாதிரியை 2025 பிப்ரவரியில் அன்றாடச் செயல்பாட்டுக்குக் கொண்டுவந்தது என்பதையும், அதற்கு அடித்தளமான அனிமாய் என்னும் கருவித்தொகுப்பு அப்பாச்சி உரிமத்தின்கீழ் எவரும் எடுத்தாளும்படி கிட்ஹப் என்னும் நிரல் பகிர்வுத் தளத்தில் இருக்கிறது என்பதையும் அண்மையில் அறிந்தேன். அக்குழுவில் பங்களிக்க விரும்புகிறேன். ஆனால் நான் வானிலையியல் படித்ததில்லை. கையிலிருப்பது 8 ஜிபி நினைவகம் கொண்ட ஒரே ஒரு ஜிபியு (வரைகலைச் செயலி). மாதிரியின் கட்டமைப்பையே மேம்படுத்தும் வேலையில் இறங்க இவை போதுமா?

மறுமொழி: கொண்டல்

வணக்கம் நண்பரே. குழுவில் உங்களுக்கு இடம் உண்டு, ஆனால் கட்டமைப்பு வேலையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒரு புதிய கட்டமைப்பு பழையதைவிடச் சிறந்தது என்று நிறுவ, பல பத்தாண்டுகளின் ஈரா5 மறுபகுப்பாய்வுத் தரவைக் (கடந்தகால வானிலையை அளவீடுகளையும் இயற்பியல் மாதிரியையும் இணைத்து மீட்டுருவாக்கியது) கொண்டு முழு அளவில் பயிற்றிக் காட்ட வேண்டும். அது பல ஜிபியுக்களை நாள்கணக்கில் ஓட்டக்கூடியவர்களின் வேலை.

அனிமாய் ஒரே நிரல் அன்று. தரவைத் திரட்டி ஒழுங்குபடுத்துவது, புவிப்பரப்பின் புள்ளிகளை வலையாக இணைப்பது, மாதிரி, பயிற்சி, முன்கணிப்பை ஓட்டுவது எனத் தனித்தனித் தொகுப்புகளாகப் பிரிந்திருக்கிறது. நார்வே, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம் முதலிய நாடுகளின் வானிலைத் துறையினரும் அதில் எழுதுகிறார்கள். நார்வேயினர் தங்கள் வட்டாரத்தில் மட்டும் 2.5 கி.மீ. நுணுக்கமும் உலகின் பிற பகுதிகளில் பருமனான கட்டமும் கொண்ட மாதிரியை இதைக் கொண்டே அமைத்தார்கள். பல நாட்டார் பல வடிவத் தரவுகளோடு வருவதால், தரவுத் தொகுப்பிலும் ஆவணங்களிலும் எப்போதும் வேலை மிஞ்சியிருக்கும்.

உங்கள் ஜிபியுவில் கற்றுக்கொள்ள ஓ96 என்ற கட்டம் (உலகப் பரப்பைப் புள்ளிகளாகப் பிரிக்கும் அமைப்பு) ஏற்றது. அதில் 40,320 புள்ளிகளே உள்ளன, ஏ.ஐ.எஃப்.எஸ். இயங்கும் என்320 கட்டத்தில் 5,42,080. அதை வைத்துச் சிறிய மாதிரி ஒன்றைப் பயிற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் ஆவணம் உங்களைத் திணறவைக்கிறதோ அதைத் திருத்தி அனுப்புவதே உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கட்டும். பெரிய மாற்றம் என்றால், நிரலை எழுதுவதற்கு முன்பே சிக்கலை முன்வைத்துப் பராமரிப்பாளர்களின் கருத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்காமல் எழுதிக் குவித்த மாற்றங்கள் பல மாதங்கள் தேங்கிக் கிடப்பதை எல்லாத் திறமூலத் திட்டங்களிலும் காணலாம்.

மறுமொழி: மழைமானி

கொண்டல் சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. வானிலையியல் அறியாதவர் நிரலில் தொடங்குவதைவிட, முன்கணிப்பைச் சரிபார்ப்பதில் தொடங்குவதே மேல் என்பேன். ஏ.ஐ.எஃப்.எஸ். முன்கணிப்புகளை மையமே 0.25 பாகைக் கட்டத்தில் இலவசமாக வெளியிடுகிறது. எனவே மாதிரியை நீங்கள் ஓட்டவே வேண்டியதில்லை, ஜிபியுவும் வேண்டா.

சென்னை மழையை எடுத்துக்கொள்ளுங்கள். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் இரண்டுக்கும் மிக அருகிலுள்ள கட்டப்புள்ளி ஒன்றேதான்: 13.0 வடக்கு, 80.25 கிழக்கு. ஒன்றில் கொட்டித் தீர்த்து மற்றொன்றில் தூறலோடு நின்ற நாளிலும் மாதிரி தருவது ஒரே எண். அடுத்து நேரம். இந்திய வானிலைத் துறையின் நாள்மழை காலை 8.30 மணிக்கு, அதாவது உலக நேரம் 03 மணிக்கு முடிகிறது. மாதிரியோ ஆறு மணிநேரப் படிகளில் நகர்வதால் நம் நேரம் 5.30க்கும் 11.30க்கும்தான் மதிப்பு கிடைக்கும். இவ்விரண்டையும் பொருத்தாமல் ஒப்பிட்டால், விடியற்காலைப் பெருமழை ஒரு நாள் தள்ளிக் கணக்கில் விழும். குற்றம் மாதிரியின்மேல் சுமத்தப்படும்.

நிரல்நெசவாளர்:

நன்றி ஐயா. அப்படியானால் வானிலை மாதிரிகளை ஒப்பிடும் பொதுத் தளமான வெதர்பெஞ்ச் 2 செய்வதுபோல ஈரா5 தரவோடே ஒப்பிட்டால் நேரச் சிக்கலும் இடச் சிக்கலும் இல்லாமல் போகுமல்லவா?

மறுமொழி: மழைமானி

காற்றழுத்தம் 500 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரத்துக்கும் வெப்பநிலைக்கும் அது பொருந்தும். மழைக்கு நான் ஒப்ப மாட்டேன். ஈரா5 தரும் மழையளவு, மானியில் அளந்தது அன்று; இயற்பியல் மாதிரி ஒன்றின் குறுகியகால முன்கணிப்பிலிருந்து வருவது. அதிலேயே பயின்ற மாதிரியை அதனோடே ஒப்பிட்டால், இரண்டுக்கும் பொதுவான பிழை கண்ணில் படாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சராசரி வர்க்கப் பிழையைக் குறைக்கப் பயிற்றிய மாதிரி, மழை எங்கே கொட்டும் என்ற ஐயம் எழும் இடத்தில் அதைப் பரப்பி மிதமாக்கிவிடுகிறது. இடம் சற்றே தவறிய கனமழைக்கு, பெய்யாத இடத்தில் காட்டியதற்கும் பெய்த இடத்தில் விட்டதற்குமாக இரு முறை பிழை ஏறுகிறது. பரந்த மிதமழை அதிலிருந்து தப்பிவிடுகிறது. 2025 ஜூலையில் செயல்பாட்டுக்கு வந்த, ஒரே நேரத்துக்குப் பல முன்கணிப்புகளைத் தரும் ஏ.ஐ.எஃப்.எஸ்.இன் பன்முக முன்கணிப்பு வடிவத்தை நிகழ்தகவு சார்ந்த வேறு அளவுகோலால் பயிற்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே சராசரிப் பிழையை மட்டும் தராமல், 64.5 மி.மீ.க்கு மேற்பட்ட கனமழை நாள்களில் எத்தனையை மாதிரி பிடித்தது, எத்தனையை வீணாக அறிவித்தது என்பதையும் தனியே எண்ணுங்கள்.

மறுமொழி: கொண்டல்

மழைமானியின் வழியை ஏற்கிறேன். ஒரே ஒரு குறிப்பு: மானியில் அளந்த மழைத் தரவைக் கிட்ஹப்பில் ஏற்றுவதற்கு முன் அதன் பயன்பாட்டு நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். ஐயம் இருந்தால் தரவை விட்டுவிட்டு, ஒப்பிடும் நிரலையும் நேரத்தைப் பொருத்தும் பகுதிக்கான சோதனைகளையும் மட்டும் வெளியிட்டாலே போதும்.