மேல்மாடி பிரேக்கர் காலையில் மட்டும் விழுகிறது: 25க்குப் பதில் 40 போடலாமா?

மேல்மாடி06
வணக்கம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் அக்கா குடும்பம் இருக்கிறது. வீட்டுக்கு 30 ஆம்பியர் மூன்று ஃபேஸ் இணைப்பு. அதில் ஒரு ஃபேஸை மட்டும் 4 சதுர மில்லிமீட்டர் வயரில் மேலே கொண்டுபோய், 25 ஆம்பியர் பிரேக்கரோடு சின்ன டிபி (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) ஒன்று வைத்திருக்கிறோம். பள்ளிக்கூட நாட்களில் காலை ஆறேகால் போல அந்த பிரேக்கர் விழுகிறது. உடனே விழுவதில்லை, எல்லாம் ஓடத் தொடங்கிக் கால் மணித்தியாலம் போனபிறகுதான். இன்று மருமகள் தலையில் சோப்போடு நின்று அழுதாள். வயரிங் செய்தவர் 40 போட்டால் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா?

தெஹிவளை வயர்மேன்
தம்பி, தயவுசெய்து 40 போடாதீர்கள். விழுவது அந்த 25 பிரேக்கரா, மின் கசிந்தால் விழுகிற, டெஸ்ட் பொத்தான் இருக்கிற ட்ரிப் சுவிட்சா? அப்புறம் அந்த நேரத்தில் ஓடுகிற சாமான்களின் வாட்ஸை லேபிளில் பார்த்து எழுதுங்கள்.

மேல்மாடி06
ட்ரிப் சுவிட்ச் அசையவில்லை அண்ணா, 25தான். குளியலறை ஹீட்டர் 3500, இண்டக்சன் அடுப்பு 2000 (2022இல் காஸ் வரிசையில் நின்று அலுத்துப்போய் வாங்கியது), றைஸ் குக்கர் 700, அயன் 1000, பிரிட்ஜ் 150, லைட்டும் ஃபேனும் 300. ஏசி இரண்டு, தலா 1200. காலையில் அவை ஓடாது.

தெஹிவளை வயர்மேன்
அப்படியென்றால் கசிவு இல்லை, சுமைதான். ஏசியை விட்டுக் கூட்டினால் 7650 வாட்ஸ். 230 வோல்ட்டால் வகுத்தால் 33 ஆம்பியர். வீட்டு பிரேக்கர் தன் அளவின் 1.13 மடங்கை ஒரு மணித்தியாலம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணித்தியாலத்துக்குள் விழ வேண்டும். 25க்கு அது 28 ஆம்பியர், 36 ஆம்பியர். உங்கள் 33 நடுவில் நிற்கிறது. உள்ளே இருக்கும் உலோகத் தகடு மெல்லச் சூடேறி வளைந்துதான் விழுத்துகிறது. கால் மணித்தியாலம் எடுப்பது அதனால்தான். பிரேக்கரில் பழுதில்லை.

40 போட்டால் அது 45 ஆம்பியரை ஒரு மணித்தியாலம் பேசாமல் விடும். குழாய்க்குள் போகிற 4 மில்லி வயர் 32 தாங்கும், நம் கொழும்புச் சூட்டில் 30 என்று வையுங்கள். பிறகு சூடேறுவது சுவருக்குள் இருக்கிற வயர். பிள்ளைகள் தூங்குகிற வீடு தம்பி. வயரைப் பார்த்துத்தான் பிரேக்கர் போடுவது.

பம்பலப்பிட்டி அக்கா
ஏசியையும் சேர்த்தால் மொத்தம் 10050 வாட்ஸ், கிட்டத்தட்ட 44 ஆம்பியர். எல்லாம் ஒரே நேரம் ஓடாது என்று பாதியாக்கிவிடுகிறார்கள், அது தவறு. லைட்டுக்கு மொத்தச் சுமையில் 66 சதவீதம் எடுப்பார்கள். உங்களுடையது போன்ற உடனடி ஹீட்டருக்கு அப்படிக் குறைப்பதே கிடையாது, ஓடினால் முழு 15 ஆம்பியரும் இழுக்கும். ஏசியும் வெக்கையான இரவில் இரண்டும் சேர்ந்தே ஓடும். உங்கள் வீட்டில் மோசமான நேரம் காலை ஆறேகால், அதற்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்று ஃபேஸ் வைத்துக்கொண்டு ஏன் ஒன்றில் மட்டும் ஏற்ற வேண்டும்? மூன்றையும் நியூட்ரல், எர்த்தோடு மேலே எடுத்து மூன்று ஃபேஸ் டிபி போடுங்கள். ஹீட்டர் ஒன்றில், 15 ஆம்பியர். அடுப்பு, குக்கர், பிரிட்ஜ், அயன் இன்னொன்றில், 17க்குக் கொஞ்சம் குறைவு. ஏசியும் லைட்டும் மூன்றாவதில், 12. கீழ்வீட்டுச் சுமையும் இதே ஃபேஸ்களில்தான் வரும், அதையும் சேர்த்து ஒவ்வொன்றும் 30க்குள் நிற்கிறதா என்று பாருங்கள். நியூட்ரல் திருகை நன்றாக இறுக்கச் சொல்லுங்கள். அது கழன்றால் 230 வோல்ட் சாமான்களுக்கு 400 வரை ஏறலாம்.

மேல்மாடி06
லைசன்ஸ் உள்ள வேறொருவரைக் கூப்பிட்டேன். மெயினை நிறுத்தி டிபியைத் திறந்தார். நியூட்ரல் வயரின் கறுப்பு உறை முனையில் சுருங்கி, நகத்தால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. திருகு அரைச் சுற்று லூஸ். 40 போட்டிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை புது வயர் இழுக்கிறோம். அதுவரை ஹீட்டர் ஓடும்போது அயன் போடுவதில்லை, சோறு முதலே வைத்துவிடுகிறோம். இரண்டு நாளாக விழவில்லை.

தெஹிவளை வயர்மேன்
வேலை முடிந்ததும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள் தம்பி. மின் கசிவுக்கு 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் மேல்மாடிக்குத் தனியாக இருப்பது நல்லது.