காசுக்கு விற்கும் தும்பி இல்லாத ஹீலருக்கு ரெய்டில் இடமில்லையா?

மருந்துக்கூடை கேட்கிறார்:

ஆறு ஆண்டுகளாக ஒரே இணைய விளையாட்டில் ஒரே ஹீலரை, அதாவது மற்றவர்களைக் குணப்படுத்தும் பாத்திரத்தை, வளர்த்து வருகிறேன். விளையாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த நிறுவனத்தைத் திட்டுவதிலேயே முடிந்துவிடும்.

சென்ற மாதம் புதிய ரெய்டு, அதாவது குழுவாகச் சேர்ந்து மோதும் பெரும்போர், வந்தது. அதே வாரத்தில் விளையாட்டின் கடையில் ‘ஒளித்தும்பி’ என்று ஒரு துணை உயிரியும் வந்தது. ஹீலர்களுக்கு மட்டும். காசு கொடுத்தால்தான் கிடைக்கும். எத்தனை மாதம் விளையாடினாலும் உள்ளே சம்பாதிக்க வழியில்லை. மூன்று வாரம்தான் விற்பனை, பிறகு எப்போது திரும்பும் என்று ஒரு வார்த்தை இல்லை. அழகாகத்தான் இருக்கிறது. சிறகடிக்கும்போது தோள்மீது பச்சை வெளிச்சம் சிந்துகிறது. அழகோடு நின்றிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

கணக்கைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளில் கடைசி பாஸின் மூன்றாம் கட்டத்தில் 20 நொடிக்கு ஒருமுறை ஐந்து பேர்மீது ஒரே நேரத்தில் நஞ்சுக்குறி விழும். பதினைந்தாவது நொடியில் குறி வெடிக்கும், ஆள் சாய்ந்துவிடுவார். குறியை நீக்கும் மந்திரம் ஹீலரிடம் மட்டுமே உண்டு. ஒரு தடவைக்கு ஒருவர். அடுத்த தடவைக்கு 8 நொடி காத்திருக்க வேண்டும். பத்துப் பேர் குழுவில் ஹீலர்கள் இருவர். குறி விழுந்ததும் இருவரைக் காப்பாற்றிவிடுவோம். எட்டாவது நொடியில் இன்னும் இருவர். ஐந்தாமவரை எங்கள் கை எட்டுவது பதினாறாவது நொடியில்.

முதல் வாரத்தில் பன்னிரண்டு முறை முயன்றோம். ஒரு தடவை ஐந்தாம் குறி எங்கள் வில்லாளர்மீது இருந்தது. அவர் நகர்வதைக்கூட நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். என் விரல் விசைமீது இருந்தது. மந்திரத்தின் சின்னத்தில் சாம்பல் நிறம் வடிந்துகொண்டே வந்தது. நகக்கண் அளவு மிச்சமிருந்தபோது அவர் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே “பரவாயில்லை” என்று எழுதினார். அந்தப் பரவாயில்லைதான் என்னை உறங்கவிடவில்லை.

ஒளித்தும்பி செய்வது ஒன்றே ஒன்று. 20 நொடிக்கு ஒருமுறை, குறி விழுந்த கணத்திலேயே, யாரோ ஒருவருடைய குறியைத் தானாக நீக்கிவிடும்.

வென்ற குழு ஒன்றின் காணொளியை எல்லோரும் பார்த்தோம். அதில் இரண்டு ஹீலர்கள் தோளிலும் தும்பி. மறுநாளே எங்கள் இன்னொரு ஹீலர் வாங்கிவிட்டார். அன்று மாலை எங்கள் கில்டின், அதாவது சேர்ந்து ஆடும் எங்கள் சங்கத்தின், அறிவிப்பில் ஒரு வரி: “ஹீலர்கள் இருவருக்கும் ஒளித்தும்பி கட்டாயம்.” நான் மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் இருக்கிறேன். தலைவர் கெட்டவர் அல்லர். எல்லோரும் பங்கு போட்டு எனக்குப் பரிசாக வாங்கித் தருகிறோம் என்றுகூடச் சொன்னார்கள். அதுதான் இன்னும் கூசியது. மறுத்துவிட்டேன்.

மற்றவர் காசு செலவழிப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேற்றுவரை முழுமையாக இருந்த என் பாத்திரத்துக்கு ஓர் உறுப்பு குறைந்துபோனது போல இருக்கிறது. அவளிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை என்பதும் தெரியும். நான் வீண் பிடிவாதக்காரியா? எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று நீங்கள் எங்கே கோடு போடுகிறீர்கள்?

ஒற்றைவரி:

வாங்காதீர்கள். தும்பி விற்றுத் தீர்ந்தால் அடுத்த ரெய்டுக்கு வண்டு வரும்.

இரவுப்பணி:

நான் வாங்குகிற கட்சி. அடிக்க வராமல் கேளுங்கள்.

எனக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம் கிடைத்தால் பெரிது. என் கில்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கே ஆறு மணி நேரம் இருக்கிறது. அவருடைய கவசத்தைப் பார்த்து எல்லோரும் ‘உழைத்துச் சம்பாதித்தார்’ என்கிறார்கள். என்ன உழைப்பு? ஒரே குகைக்குள் இருநூறு முறை போய் வந்ததுதானே? அவரிடம் நேரம் இருந்தது, கொடுத்தார். என்னிடம் காசு இருந்தது, கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் வாய்த்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் ‘காசு நியாயமில்லை’ என்ற பேச்சே கிளம்புகிறது. நேரமும் சமமாக வாய்ப்பதில்லை, அம்மணி.

இரண்டையும் ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ள வழி வைத்த விளையாட்டுகள் இருக்கின்றன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2015 முதல் டோக்கன் இருக்கிறது. காசுள்ளவர் அதை வாங்கி விளையாட்டுக்குள் பொன்னுக்கு விற்கிறார். நேரமுள்ளவர் பொன் சேர்த்து அதை வாங்கித் தன் மாதச் சந்தாவைக் கட்டிக்கொள்கிறார். எனக்கு அவருடைய நேரம் வேண்டும், அவருக்கு என் காசு வேண்டும். இதில் யாருக்கு என்ன குறை?

இதெல்லாம் எழுதிவிட்டு உங்கள் கேள்வியை இன்னொரு முறை படித்தேன். உங்கள் தும்பியை எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் வாங்க முடியாது என்கிறீர்கள். அப்படியானால் என் வாதம் உங்கள் தும்பிக்குப் பொருந்தாது. கவசம், பொன், லெவல் எதையும் விற்கட்டும்; நேரத்தாலும் அடையக்கூடியதாக இருந்தால் எனக்குச் சம்மதம். இது வேறு வகை. பரிசை மறுத்ததில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. நண்பர்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் என்ன கூச்சம்?

பழையவாள்:

இந்தச் சண்டை பழையது. ஏப்ரல் 2010-இல் அதே வார்கிராஃப்டில் ஒரு சிறகுக் குதிரையை 25 டாலருக்கு விற்றார்கள். நட்சத்திரங்கள் மின்னும் உடம்பு. அன்று வாங்க நின்ற இணைய வரிசையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏசினேன். ஆனால் அந்தக் குதிரை மற்றவர்களுடைய வாகனங்களைவிட ஓரடிகூட வேகமாகப் போகவில்லை. வாங்கியவனுக்குப் பகட்டு, வாங்காதவனுக்கு எரிச்சல், அதோடு சரி. பாத்திரத்தின் திறன்மேல் அது கை வைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒற்றைக் கண்ணில் அணியும் மூக்குக்கண்ணாடி ஒன்றை அறுபது டாலருக்கும் மேலான விலையில் கடையில் வைத்தார்கள். அதுவும் வெறும் அலங்காரம்தான். ஆனால் ஆட்டக்காரர்கள் ஜீட்டா என்ற வணிக நட்சத்திர மண்டலத்தில் திரண்டு, அங்கிருந்த நினைவுச் சின்னத்தைக் கப்பல் கப்பலாக வந்து சுட்டார்கள். கண்ணாடிக்காகவா இவ்வளவு ஆத்திரம்? இல்லை. நிறுவனத்தின் உள் இதழ் ஒன்று அதே நாட்களில் கசிந்திருந்தது. கப்பல், குண்டு போன்றவற்றையும் காசுக்கு விற்கலாமா என்று அதில் பேசியிருந்தார்கள். இன்று கண்ணாடி, நாளை பீரங்கி என்ற பயம். ஆட்டக்காரர் மன்றத்தின் உறுப்பினர்களை, நிறுவனம் இருக்கும் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்குக்கு வரவழைத்துப் பேச வேண்டியதாயிற்று. அக்டோபரில் நிறுவனத்தின் தலைவரே மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

நான் கோடு போடுகிற இடம் எது என்று கேட்டால், 2009-இல் இலவசமாக மாறிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைனைக் காட்டுவேன். அன்று அங்கே டிரௌ என்ற இனத்தில் பாத்திரம் உருவாக்க வேண்டுமா? காசு கொடுக்கலாம், அல்லது பணிகளை முடித்து 400 நன்மதிப்புச் சேர்க்கலாம். புதுப் பாத்திரத்தின் திறன்களுக்குப் பங்கிட 28 புள்ளிக்குப் பதில் 32 புள்ளி வேண்டுமா? 1,750 நன்மதிப்பு. காசு கொடுத்தவனும் நடந்து வந்தவனும் போய்ச் சேர்ந்த கதவு ஒன்றுதான். 1,750 சேர்க்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆயிற்று. சேர்த்த அன்று காசு கொடுத்தவன்மேல் பொறாமை வரவில்லை, கொஞ்சம் பரிதாபம்தான் வந்தது. அது என் திமிர், விடுங்கள்.

உங்கள் தும்பிக்கு அப்படி ஒரு நடைபாதை இல்லை. அதனால் நீங்கள் பிடிவாதக்காரி இல்லை.

எண்கணிதன்:

இலவசமாக ஓடும் ஒரு சிறிய எழுத்துவழி விளையாட்டில் பாஸ்களின் கணக்கைப் பார்ப்பவன் நான். அதனால் அந்த ஒரு நொடியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வேண்டுமென்றே வைத்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் யாரும் நினைக்காமலே இப்படி நடக்கும் விதம் எனக்குத் தெரியும். சோதனைக்கு நாங்கள் பயன்படுத்தும் பாத்திரங்களிடம் எல்லாப் பொருளும் இருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றிவிட்டுச் சோதிக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பாஸ் சுலபமாகச் செத்தால் அதன் வலிமைக்கான எண்ணை ஏற்றுவோம், குழு செத்தால் இறக்குவோம். தும்பி தோளில் இருக்கும்போதே எண்ணை ஏற்றினால், ஏறிய எண்ணுக்குள் தும்பி குடியேறிவிடும். அதன்பின் அது கூடுதல் வசதி அல்ல, அளவுகோல். உறுப்பு குறைந்தது போல இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை நான் மிகையாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவுகோல் நீண்டால் அளக்கப்படுபவள் குட்டையாகிவிடுகிறாள்.

டியாப்லோ 3-இல் 2012-இல் பொருள் விற்கும் ஏலக்கூடம் இருந்தது. உண்மைக் காசுக்கும் விற்கலாம். அசுரனைக் கொன்று பொருள் எடுப்பதைவிட ஏலத்தில் எடுப்பது எளிதாகிப்போனதால் விளையாட்டின் ஆணிவேரே ஆட்டம் கண்டது. மார்ச் 18, 2014-இல் மூடினார்கள். அதையொட்டியே பொருள் உதிரும் முறையையும் புதிதாக எழுத வேண்டி வந்தது. கடையை மட்டும் மூடினால் போதவில்லை.

தென்கொரியாவில் 2024 மார்ச் முதல், காசுக்கு விற்கும் குலுக்கல் பொருள்களின் நிகழ்தகவை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். எனக்கு ஓர் ஆசை உண்டு: எந்தெந்தப் பொருளை மாட்டிக்கொண்டு பாஸைச் சோதித்தார்கள் என்பதையும் அதே போல வெளியிட வேண்டும். ‘தும்பி இல்லாமல் சோதித்தோம், வென்றோம்’ என்று ஒரு வரி. அதை எழுத முடியாத பாஸை வெளியிடவே கூடாது.

இனி உங்கள் கில்டுக்கு வருகிறேன். தலைவர் கூட்டல் தப்பாகப் போட்டிருக்கிறார். ஒரு தும்பி மட்டும் இருந்தால்: தொடக்கத்தில் தும்பி ஒன்று, நீங்கள் இருவர் இரண்டு, ஆக மூன்று. எட்டாவது நொடியில் இன்னும் இரண்டு. ஐந்தும் போயிற்று, ஏழு நொடி மிச்சம்! இன்னொரு ஹீலரிடம் ஏற்கனவே தும்பி இருக்கிறது. பிறகு உங்களுக்கு எதற்கு?

தும்பியே இல்லாமலும் ஒரு வழி தோன்றுகிறது. முன்னால் நின்று அடி வாங்கும் உங்கள் இரண்டு டேங்குகளிடம், அடுத்தவர்மேல் வைத்து ஒரே ஒரு மரண அடியைத் தாங்கும் கவசத் திறன் ஏதும் உண்டா? 60 நொடிக்கு ஒருமுறை இருந்தாலும் மூன்றில் இரண்டு சுற்றுகளைத் தாங்கலாம்.

ஒற்றைவரி:

எட்டும் எட்டும் பதினாறு என்று தெரியாத கில்டா?

மருந்துக்கூடை:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

எண்கணிதனின் கூட்டலை அப்படியே தலைவருக்கு அனுப்பினேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, “காணொளியில் இரண்டு இருந்தது, அதனால் இரண்டு என்று எழுதிவிட்டேன்” என்றார். அறிவிப்பில் ‘இருவருக்கும்’ என்பது ‘ஒருவருக்கு’ ஆயிற்று. அந்த வாரமே பாஸ் விழுந்தது. ஐந்தாம் குறி எட்டாவது நொடியில் கரைவதைப் பார்த்தபோது மகிழ்ச்சிக்குப் பதிலாக எரிச்சல்தான் வந்தது. இவ்வளவுதானா?

தும்பி இல்லாமலும் ஓர் இரவு முயன்றோம். இன்னொரு ஹீலரே அதைக் கூண்டில் அடைத்துவிட்டு வந்தார். டேங்குகளிடம் நீங்கள் சொன்ன கவசம் இருக்கிறது, 60 நொடிக்கு ஒருமுறைதான். முதல் சுற்றுக்கு ஒருவர், இரண்டாம் சுற்றுக்கு மற்றவர். மூன்றாம் சுற்றில் ஒருவரைப் பறிகொடுத்தாக வேண்டும். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் கவசங்கள் திரும்பத் தயாராகும். வில்லாளர் மூன்றாம் சுற்றில் தானே சாகிறேன் என்று முன்வந்தார். குறி யார்மேல் விழும் என்று யாருக்குத் தெரியும் என்றதற்கு, “எனக்குத்தான் விழும், பாருங்கள்” என்றார். விழுந்தது. பாஸிடம் நூற்றுக்கு நான்கு மிச்சமிருந்தபோது ஆறாம் சுற்று வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறோம்.

இரவுப்பணிக்கு: நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் ஆறு மணி நேரக்காரி அல்லள், ஆனால் நான்கு மணி நேரக்காரரின் பக்கத்தை எண்ணிப் பார்த்ததும் இல்லை. பரிசைப் பற்றி மட்டும் என் மனம் மாறவில்லை. வாங்கியிருந்தால் அந்தக் கூட்டலை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. அறிவிப்பு மாறியதிலிருந்து எங்களில் ரெய்டைத் தவறவிட முடியாத ஒரே ஆள் தும்பிக்காரர்தான். சென்ற வாரம் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தார். நடுவில் எனக்குத் தனியாக எழுதினார்: “உங்களுக்கு வாங்கித் தருவதாகச் சொன்னது இன்னும் நிற்கிறது. இந்த முறை எனக்காக.”

விற்பனை முடிய இரண்டு நாள் இருக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை.