சப்பாத்து விளையாட்டு: அம்மாவின் ரப்பர் சப்பாத்துக்கு 31 மதிப்பெண்தானா?

சுங்கை_வாத்தியார்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காகக் கோடோ எஞ்சினில் (கணினி விளையாட்டு செய்யும் மென்பொருள்) ஒரு சப்பாத்து விளையாட்டு செய்கிறேன். அடிப்பாகம், குதிகால் தடிமன், அடியில் துருத்தி நிற்கும் முள் எல்லாம் பிள்ளையே தேர்ந்தெடுத்து, ஓடவிட்டுப் பார்க்கணும். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, சப்பாத்து தரையைத் தொட்டதும் வாணம் மாதிரி மேலே பறக்கிறது. அடிப்பாகத்தை ஒரு ஸ்பிரிங்காக வைத்திருக்கிறேன். அதன் விறைப்பு மீட்டருக்கு 1,00,000 நியூட்டன், சப்பாத்து எடை 0.3 கிலோ.

இரண்டாவதுதான் மனசை அரிக்கிறது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். காலில் ஒரே அச்சில் வார்த்த கறுப்பு ரப்பர் சப்பாத்து. நாம் கேலியாக அடிடாஸ் கம்போங் என்போமே, அதேதான். அதன்மேல் காய்ந்த பாலை மத்தியானம் நான் உரிப்பேன், ஒரே இழுப்பில் ரிப்பனாக வரும். என் விளையாட்டு அதற்கு 31 போடுகிறது, நுரை வைத்த ஓட்டச் சப்பாத்துக்கு 88. அம்மாவிடம் காட்டினேன். "மழ பெஞ்ச மறுநாள் இத மாட்டிக்கிட்டு மேட்டு நெரைக்கு ஏறச் சொல்லு" என்றார். நிரை என்றால் தோட்டத்து மர வரிசை.

பினாங்கு_பொறி:
சார், ஸ்பிரிங் மேல உடம்பையே காணோம், வெறும் சப்பாத்துதான் இருக்கு. 1,00,000-ஐ 0.3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 577, அதுதான் ஸ்பிரிங் ஆடுற வேகம். கோடோ நாமா மாத்தாத வரைக்கும் விநாடிக்கு 60 தடவைதான் கணக்குப் போடும். 577-ஐ 60-ஆல் வகுத்தா 9.6, இது 2-ஐத் தாண்டினாலே வெடிக்கும். 45 கிலோ பிள்ளையை ஏத்துங்க, 0.79-க்கு இறங்கிடும். வேகத்தை முதல்ல மாத்தி, அந்தப் புது வேகத்துல இடத்தை நகர்த்துங்க. ஆட்டத்தை அடக்குற தணிப்பும் கொஞ்சம் வேணும்.

கிள்ளான்_அக்கா:
தம்பி, நான் அடிப்பாகம் வார்க்கிற ஆலையில வேலை பார்த்தவ. நீங்க காய்ஞ்ச தரை உராய்வை மட்டும் அளக்குறீங்க. சேத்துல முள் மண்ணுக்குள்ள இறங்கி நிக்குது. பிடிப்பு அந்த மண்ணோட வலுவுல இருக்கு. முள்ளை நெருக்கி வச்சா நடுவுல களிமண் அப்பி, அடி வழவழன்னு ஆயிடும். அந்த இடைவெளியைப் பிள்ளைங்க கையில விடுங்க. நுரை லேசு, ஆனா மிதிக்க மிதிக்க உள்ளே குமிழி நசுங்கி மெத்தை செத்துப்போகும். ரப்பர்ல கலக்குற கந்தகத்தைக் கூட்டிக் குறைக்கவும் திரையில ஒரு தள்ளுகோல் வைங்க: 2, 3 சதவீதம்னா இழுவை ரப்பர், 30-ஐத் தாண்டினா எபோனைட், மைப்பேனா உடம்பு மாதிரி கல்லாயிடும். 1839-ல குட்இயர் கந்தகத்தோட சூடாக்கிப் பார்க்கலைன்னா ரப்பர் வெயில்ல பிசுபிசுன்னுதான் கிடந்திருக்கும்.

செம்பனைக்காரன்:
இப்ப எங்கய்யா பால்மரம்? எங்க தோட்டம் முழுக்க செம்பனை. மட்டை முள் அடியில குத்துற ஆட்டம் வைங்க, அதுல நுரை ஒரு நாள் தாங்குதான்னு பார்ப்போம்.

சுங்கை_வாத்தியார்:
பொறியாளர் தம்பி, பறக்கிறது நின்றுவிட்டது. ஒரே மதிப்பெண்ணைத் தூக்கிவிட்டு மூன்று தரை வைத்தேன்: திடல், சிற்றுண்டிச்சாலை ஓட்டுத்தரை, மழைக்குப் பின் மேட்டு நிரை. மூன்றாவதில் 88 வாங்கிய சப்பாத்து நாலாவது மரத்திலேயே உருண்டது. வகுப்பே கைதட்டியது. உடனே எல்லாரும் முள்ளைக் கூட்டிக்கொண்டுபோய் ஓட்டுத்தரையில் வழுக்கி விழுந்தார்கள், அது வேறு கதை. செம்பனை முள் அடுத்த வாரம்.

அம்மாவிடம் திரும்பக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பால் வாளி எங்கடா?" என்றார். இரண்டு பக்கமும் வாளி தொங்கினால் எடையும் சாய்வும் மாறுமே. அந்தக் கணக்கு யாருக்காவது தெரியுமா?