புதுப்பிப்பு: மனநல வார்டில் போன் தடை, தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கொரோனாவைக் காரணம் காட்டி உள்நோயாளியைப் பார்க்கவும் போனில் பேசவும் விடவில்லை என்று மே 2021-இல் கேட்டிருந்தேன். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 26-ஆவது பிரிவைச் (உள்நோயாளி பார்வையாளரைச் சந்திக்கவும் போனில் பேசவும் உள்ள உரிமை) சுட்டி மருத்துவமனைக்கு எழுதச் சொன்ன யோசனைதான் பலித்தது. 28-ஆவது பிரிவின்படி முதல் புகார் பொறுப்பு மருத்துவருக்கு. அங்கே தீராவிட்டால்தான் மனநல மறுஆய்வு வாரியம் (இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் அமைப்பு). அதுவரை போகவேண்டி வரவில்லை.

அதன்பின் தினமும் மாலையில் வீடியோ அழைப்பு கிடைத்தது. நேரில் பார்க்க மட்டும் அப்போது அனுமதி கிடைக்கவில்லை. இந்த உரிமை மருத்துவமனையின் நடைமுறைக்கு உட்பட்டே என்று 26-ஆவது பிரிவே சொல்வதால், தொற்றுக்காலத்தில் மல்லுக்கட்டிப் பயனிருக்கவில்லை.

எதிர்பாராதது: நியமனப் பிரதிநிதி (சிகிச்சை முடிவுகளில் துணைநிற்க நோயாளி நியமிக்கும் நபர்) யார் என்று மருத்துவமனையில் எழுத்தில் கேட்டார்கள். முத்திரைத்தாளுக்கு அலையாதீர்கள். 14-ஆவது பிரிவுப்படி வெள்ளைத்தாளில் எழுதி, நோயாளியின் கையெழுத்தோ கைரேகையோ இருந்தால் போதும்.