48 வோல்ட் மைல்டு ஹைபிரிட் வண்டியை ஓடையில் இறக்கலாமா?

சேற்றுப்புலி:
போன மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டு உங்கள் கருத்தைக் கேட்கிறேன். என்னுடையது 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட் டீசல், அதாவது எஞ்சினுக்குக் கைகொடுக்க பெல்ட்டில் ஒரு சின்ன மின்மோட்டார் உள்ள வண்டி, ஃபோர் பை ஃபோர். கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் தப்பு என்னுடையதா வண்டியுடையதா என்பதே இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. கொல்லிமலைப் பக்கம் நண்பர் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓடை. முட்டி அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை, ஆனால் அடியில் நல்ல சேறு. தாண்டியாகிவிட்டது. பத்து கிலோமீட்டர் போனபின் பானெட்டுக்குள் கீச் கீச் என்று சத்தம், அப்புறம் பேட்டரி விளக்கு எரிந்தது, அடுத்து டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்ததும் ஓரங்கட்டிவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் பெல்ட்டின் வரிப்பள்ளத்தில் மிளகு அளவு கல் ஒன்று பதிந்திருக்கிறது, பக்கத்து இரண்டு வரி நார் நாராகக் கிழிந்து தொங்குகிறது. டவ் வண்டி வர ஆறு மணி நேரம். ஊர் மெக்கானிக் சொன்னது: "இந்த மாதிரி கரண்டு வண்டியை ஏன் சார் காட்டுக்குக் கொண்டுபோறீங்க?" அவர் சொல்வது சரியா?

பழைய டீசல்:
நூற்றுக்கு நூறு சரி. தம்பி, கோபப்படாதே. காட்டுக்குப் போகிற வண்டி வழியில் கிடைக்கிற ஸ்பேனரில் சரியாக வேண்டும். சாதா டீசலில் ஆல்டர்னேட்டர் போனால் எந்த ஊர் எலெக்ட்ரீஷியனும் கார்பன் பிரஷ் மாற்றிக் கொடுப்பார். இதில் ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் ஒரு மோட்டார் ஜெனரேட்டர், சீட்டுக்கடியில் லித்தியம் பேட்டரி, 48-ஐ 12 ஆக்க ஒரு கன்வெர்ட்டர், இதையெல்லாம் மேய்க்க ஒரு கம்ப்யூட்டர். இவ்வளவும் எதற்கு? இதே மாதிரி பிக்கப்பான ஹைலக்ஸ் 48 வோல்ட்டுக்கு டொயோட்டாவே சொன்னது ஐந்து சதவீதம் வரை மைலேஜ் கூடும் என்றுதான். வருடம் 15,000 கிலோமீட்டர், லிட்டருக்குப் பத்து என்று வைத்தால் 1500 லிட்டர், அதில் ஐந்து சதவீதம் 75 லிட்டர். லிட்டர் 90 சொச்சம் என்றால் ஏழாயிரம் ரூபாய் சுமாருக்கு மிச்சம். அதற்காக ஆறு மணி நேரம் மலையில் உட்கார வேண்டுமா?

மின்கம்பி:
அண்ணா, கணக்கு சரி, ஆனால் குற்றவாளியை மாற்றிப் பிடிக்கிறீர்கள். அவர் வண்டியில் போனது பெல்ட். அதே மிளகு அளவு கல் சாதா டீசலின் பெல்ட்டில் மாட்டினாலும் இதே கதைதான், ஏனென்றால் நிறைய எஞ்சின்களில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. முள் ஏறியது அதனால்தான். 48 வோல்ட் அங்கே ஒன்றும் செய்யவில்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இந்த வண்டிகளில் பெல்ட்டுக்கு வேலை அதிகம். சாதா வண்டியில் எஞ்சின் பெல்ட்டை இழுக்கும், அவ்வளவுதான். இதில் பிரேக் போடும்போது எஞ்சின் மோட்டாரை இழுக்கும், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் மோட்டார் எஞ்சினை இழுக்கும். இழுவை மாறி மாறி வருவதால் இறுகும் பக்கமும் தளரும் பக்கமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஹைலக்ஸில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க இரண்டு கை வைத்த டென்ஷனரும் புது ரக பெல்ட்டும் போட்டது அதற்குத்தான். அந்தப் பெல்ட் சேற்றோடு ஓடினால் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், கல் இருந்தால் கிழியும். ஓடை தாண்டியதும் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, பாட்டிலில் நல்ல தண்ணீர் எடுத்துப் புல்லி மேல் ஊற்றிக் கழுவியிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. பத்து நிமிட வேலை.

பழைய டீசல்:
சரி, பெல்ட்டை விடு. தண்ணீருக்குள் 48 வோல்ட் கரண்டு ஓடுகிறதே, அது?

மின்கம்பி:
தொட்டால் ஷாக் அடிக்குமா என்று கேட்டால், 60 வோல்ட் டிசி வரை குறைந்த மின்னழுத்த வகுப்பு. முழு ஹைபிரிடில் பார்க்கும் ஆரஞ்சு நிற கேபிள் இங்கே கட்டாயம் இல்லாததற்குக் காரணம் அதுதான். ஹைலக்ஸ் 48 வோல்ட்டுக்கும் சாதா ஹைலக்ஸுக்குச் சொல்லும் அதே 700 மில்லிமீட்டர் தண்ணீர் ஆழம்தான். லேண்ட் ரோவரின் 48 வோல்ட் டிஃபெண்டருக்கு 900. தண்ணீரில் இறங்கக்கூடாத தொழில்நுட்பம் என்றால் இந்த எண்களைக் கொடுப்பார்களா?

ஆனால் 48 வோல்ட்டைப் பொம்மை என்று நினைக்கிறவர்களைப் பார்த்தாலும் எனக்குப் பயம். 12 வோல்ட்டில் கம்பி கழன்றால் ஒரு பொறி பறந்து அணைந்துவிடும். 48-ல் அந்தப் பொறி அணையாமல் வெல்டிங் போல எரிந்துகொண்டே இருக்கலாம். இன்னொன்று, கனெக்டருக்குள் சேற்றுத் தண்ணீர் போய்த் தங்கினால் பின்னில் பச்சை பூப்பது 12 வோல்ட்டைவிட இங்கே வேகமாக நடக்கும். அதனால் வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன்னை பானெட்டுக்குள் பிடிக்க விடவே விடாதீர்கள். ஓடைத் தண்ணீர் மெதுவாக வந்து மோதும். அந்தக் கன் கனெக்டரின் ரப்பர் சீலையே தள்ளிக்கொண்டு உள்ளே போகும். நான் பார்த்த கெட்டுப்போன கனெக்டர்களில் பாதிக்கு மேல் வாஷ் கடையில் கெட்டவை, ஆற்றில் அல்ல.

லிவா மணல்:
அபுதாபியிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை, சூடும் மணலும்தான். என்னுடையதும் 48 வோல்ட்தான். ஜூலையில் லிவா மணல்மேட்டில் ஏறும்போது முதல் ஏற்றத்தில் மோட்டார் கொடுக்கிற தள்ளல் நாலாவது ஏற்றத்தில் கிடைக்காது. கெட்டுப்போய்விட்டதோ என்று முதலில் பதறினேன். பேட்டரி சூடானால் கம்ப்யூட்டர் தானாக அதைக் குறைத்துவிடும் என்று அப்புறம்தான் புரிந்தது. அதனால் நான் மேட்டில் ஏறும்போது மோட்டாரை நம்பிக் கணக்குப் போடுவதே இல்லை, எஞ்சினை மட்டும் நம்பி வேகம் எடுக்கிறேன். சீட்டுக்கடியில் பேட்டரி உள்ளவர்கள் காற்று போகும் வழி இருந்தால் அங்கே கூடாரம், கயிறு, பாய் என்று திணிக்காதீர்கள்.

மின்கம்பி:
இது முக்கியமான விஷயம். எண்ணில் சொல்கிறேன். ஹைலக்ஸின் 48 வோல்ட் பேட்டரி 4.3 ஆம்பியர் ஹவர், எடை 7.6 கிலோ. பெருக்கினால் 206 வாட் ஹவர். மோட்டார் 12 கிலோவாட். முழுத் திறனில் ஓடினால் ஒரு நிமிடத்தில் காலி. பானெட்டுக்குள் இருக்கும் சாதா 12 வோல்ட், 70 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இதைவிட நாலு மடங்கு மின்சாரம் இருக்கிறது!

இறக்கத்தில் இது இன்னும் முக்கியம். இரண்டேகால் டன் வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் ஆறு கிலோவாட் ஹவர் அளவு. பேட்டரி பிடித்துக்கொள்வது 0.2. மிச்சம் முழுவதும் எஞ்சினும் பிரேக்கும் தாங்க வேண்டியது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி, முதல் இரண்டு மூன்று வளைவுக்குள் பேட்டரி நிறைந்துவிடலாம். அதன்பின் மோட்டார் இழுத்துப் பிடிப்பது குறையும், வண்டி லேசாக விடுபட்ட மாதிரி தோன்றும். கியரைக் குறைத்தே இறங்குங்கள்.

சேற்றுப்புலி:
அந்த 'விடுபட்ட மாதிரி' உணர்வு எனக்கு வந்திருக்கிறது! பிரேக் வேலை செய்யவில்லையோ என்று அடிவாரத்துக் காரவள்ளி வந்து பேடைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. இதை வண்டி கொடுக்கும்போது யாரும் சொல்லவில்லை.

பழைய டீசல்:
பார்த்தாயா, இதுதான் என் குறை. தெரிந்தவர்களுக்குச் சரி, சொல்லித்தர ஆள் இல்லையே. மாட்டிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கிற வின்ச் போடும்போது என்ன செய்வீர்கள்? 400 ஆம்பியர் உறிஞ்சும்.

மின்கம்பி:
வின்ச் 12 வோல்ட் பக்கம்தான், 48-ஐத் தொடவே கூடாது. முழுச் சுமையில் அது கிட்டத்தட்ட ஐந்து கிலோவாட், கன்வெர்ட்டர் பொதுவாக இரண்டு மூன்று கிலோவாட்டுக்கு மேல் தராது. மிச்சம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து போகும். எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுங்கள். சாதா வண்டியிலும் இதுதான் முறை, ஐட்லிங்கில் எந்த ஆல்டர்னேட்டரும் முழு ஆம்பியரைத் தராது. 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரண்டை அளக்கும் சென்சார் இருந்தால் வின்ச்சின் எர்த்தை அந்த முனையில் நேராகக் கட்டாமல் பாடி எர்த்தில் கட்டுங்கள், இல்லையென்றால் எவ்வளவு கரண்டு போனது என்று வண்டிக்கே தெரியாது. பம்பர் வெல்டிங் வைக்கும் முன் 12, 48 இரண்டையும் மேனுவலில் சொன்ன வரிசையில் கழற்ற வேண்டும். பட்டறைக்காரர் "ஒண்ணும் ஆகாது சார்" என்பார், கேட்காதீர்கள்.

எல்லோரும் கோட்டைவிடுவது 12 வோல்ட் பேட்டரி. 48 நிறைய இருந்தாலும் அதைத் திறந்துவிடும் ரிலே என்கிற ஸ்விட்சை எழுப்புவது 12தான். அது செத்தால் வண்டி மொத்தமும் செத்த மாதிரி. மூன்று வருடம் ஆனதும் மாற்றிவிடுங்கள். ஜம்ப் கொடுத்தாலும் 12-க்கு மட்டும்தான்.

பழைய டீசல்:
இவ்வளவு நேரம் பொறுமையாகச் சொன்னதற்கு நன்றி. கரண்டு பயம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனாலும் என் கட்சி மாறவில்லை. கன்வெர்ட்டர் போனால் மலைமேல் மாற்று வழி கிடையாது, அதற்கு உன்னிடம் பதில் இல்லை.

மின்கம்பி:
இல்லைதான் அண்ணா. கன்வெர்ட்டர் போனால் 12 பேட்டரியில் இருக்கிற வரை ஓடும், ஏசி, விளக்கு எல்லாம் அணைத்துக் கீழே இறங்க வேண்டியதுதான். இருட்டியபின் என்றால் அதுவும் கஷ்டம். தனி வண்டியாகப் போகாதீர்கள் என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

சேற்றுப்புலி:
ஸ்பேர் பெல்ட் ஒன்று சொல்லிவைத்துவிட்டேன், வியாழக்கிழமை வரும். வாசலில் நிறுத்தி நானே மாற்றிப் பழகப் போகிறேன்.

மின்கம்பி:
சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, 48-ஐ நிறுத்திவிட்டுக் கை வையுங்கள். அந்த மோட்டார் எஞ்சினையே சுழற்றும், விரல் மாட்டினால் போச்சு. டென்ஷனர் ஸ்பிரிங்கும் முரடு, பூட்டும் பின் இல்லாமல் தொடாதீர்கள்.

பழைய டீசல்:
எத்தனை நிமிடம் ஆகிறது என்று இங்கே எழுது தம்பி. ஒரு மணி நேரத்துக்குள் மாற்றினால் அடுத்த தடவை உன்னோடு நானும் அந்த ஓடைக்கு வருகிறேன், என் வண்டியில்.